வாய்தா கேட்ட நாடுகள்

காலை நேரம். சேத்தூர் பஸ் நிறுத்தம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. பைக்குள்ளே பழைய பத்திரக் கட்டு. இப்படி ஒருவர் நின்றால் போதும். அவர் எங்கே போகிறார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

"என்ன அண்ணாச்சி, வில்லிபுத்தூருக்கா?"

"ஆமா தம்பி. இன்னைக்கு வாய்தா."

"போன மாசமும் வாய்தான்னுதானே போனீங்க?"

"போன மாசம் எதிராளி கேட்டான். இந்த மாசம் நம்ம வக்கீல் கேட்கணும்னு சொல்லுதாரு."

பஸ் வருகிறது. அண்ணாச்சி ஏறிக்கொள்கிறார். மாலையில் அடுத்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்.

சொத்து வழக்கில் குடும்பங்கள் வாய்தா வாங்குவது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு நாடே வாய்தா வாங்குமா? வாங்கியிருக்கிறது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை! ஐரோப்பிய யூனியன் என்ற கூட்டுக் குடும்பத்தை விட்டு வெளியேறப் புறப்பட்ட பிரிட்டன்தான் அந்த நாடு.

உலகத்தையே ஒரு காலத்தில் ஆண்ட நாட்டுக்கு இந்தக் கதி ஏன் வந்தது? அதைப் புரிந்துகொள்ள லண்டனுக்குப் போவதற்கு முன்னால், சேத்தூர் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும். லண்டன் வழக்குக்கு 70 வருஷங்களுக்கு முன்னால், அங்கேயும் ஒரு தேதியை வைத்து ஒரு பெரிய சட்டத் தகராறு நடந்தது.

இரண்டு கதைகளும் சொல்லும் பாடம் ஒன்றுதான். பிரிகிற தேதியைக் குறிப்பது சுலபம். பிரிவதற்கு முன்னால் கணக்கு முடிப்பதுதான் கஷ்டம்.

கிணறும் வண்டிப் பாதையும்

அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு ஏக்கர் என்று அளந்துவிடலாம். வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துவிடலாம். ஆனால் தோட்டத்தில் இருப்பது ஒரே கிணறு. அதை எப்படிப் பிரிப்பது? தம்பியின் மாந்தோப்புக்கு வண்டி போக வேண்டுமானால் அண்ணன் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு என்ன செய்வது?

அனுபவம் உள்ள பெரியவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கிணற்றுத் தண்ணீரில் யாருக்கு எத்தனை நாள் முறை? வண்டிப் பாதையில் யாருக்குப் பாத்தியம்? கூட்டாக வாங்கிய கடனை யார் கட்டுவது? இதையெல்லாம் பத்திரத்தில் எழுதிய பிறகுதான் "நல்ல நாள் பாருங்கள்" என்பார்கள்.

இதை மாற்றிச் செய்த குடும்பங்களும் உண்டு. நாளை முதலில் குறித்துவிடுவார்கள். கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். அந்தக் குடும்பங்களின் பத்திரக் கட்டுகள்தான் மஞ்சள் பையில் ஏறி வருஷக் கணக்கில் பஸ் பயணம் போகின்றன.

73 நாள் கெடு

1947-ம் வருஷம். வெள்ளையர்கள் இந்தியாவை விட்டுப் போவது என்று முடிவாகிவிட்டது. 1948 ஜூன் மாதத்துக்குள் போய்விடுவோம் என்று பிரிட்டிஷ் பிரதம மந்திரி அட்லி 1947 பிப்ரவரியில் அறிவித்தார். பிறகு வைசிராயாக வந்த மவுண்ட்பேட்டன் பிரபு அந்தத் தேதியை முன்னால் இழுத்தார். ஜூன் 3-ந் தேதி நாடு பிரியும் திட்டம் வெளியானது. ஆகஸ்டு 15-ந் தேதி கெடு என்று முடிவானது. இடையில் இருந்தது 73 நாட்கள்!

அப்போது இந்தியாவில் 550-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. ராஜாக்களும் நவாபுகளும் பிரிட்டிஷ் மன்னரின் மேலாதிக்கத்துக்கு உட்பட்டு ஆண்டு வந்தார்கள். ஜூலை 18-ந் தேதி நிறைவேறிய இந்திய சுதந்திரச் சட்டம், ஆகஸ்டு 15-ந் தேதி அந்த மேலாதிக்கம் முடிந்துவிடும் என்று சொன்னது. பிரிட்டிஷ் மன்னருக்கும் சமஸ்தானங்களுக்கும் இருந்த ஒப்பந்தங்களும் அதோடு காலாவதி ஆகும் என்றது.

இங்கேதான் வழக்கு முளைத்தது. மேலாதிக்கம் முடிந்த மறு நிமிஷம் ராஜாக்கள் யார்? சுதந்திர மன்னர்களா? அல்லது இந்தியாவின் பகுதியா?

மலைக்கு மேற்கே

சேத்தூருக்கு மேற்கே நிற்கும் மலைக்கு அந்தப் பக்கம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம் இருந்தது. மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர். சென்னை மாகாணத்தில் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்.

1947 ஜூன் மாதத்தில் சர் சி. பி. ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மேலாதிக்கம் முடிந்ததும் திருவிதாங்கூர் தனிச் சுதந்திர நாடாக இருக்கும் என்று அறிவித்தார். எங்களுக்குக் கடற்கரை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, வருமானம் இருக்கிறது என்பது அவர் வாதம். அணுசக்திக்கு வேண்டிய தோரியம் கலந்த மணலும் அந்தக் கடற்கரையில் இருந்தது. அந்த அறிவிப்பை ஜின்னா வரவேற்றார்.

காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. எந்தச் சமஸ்தானமும் தனி நாடாக முடியாது என்று பண்டித நேரு சொன்னார். நேருவும் வக்கீலுக்குப் படித்தவர். சர்தார் பட்டேலும் வக்கீல். காந்தியடிகளும் வக்கீல். எதிர்ப் பக்கத்தில் சர் சி. பி.யும் வக்கீல்! இரண்டு பக்கமும் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஆனால் தீர்ப்புச் சொல்ல ஒரு கோர்ட்டு இல்லை. கெடுவோ நெருங்கிக்கொண்டே வந்தது.

மக்கள் சொன்ன தீர்ப்பு

திருவிதாங்கூர் ஜனங்கள் கொதித்துப் போனார்கள். நாடு முழுவதும் சுதந்திரம் பெறும்போது தங்களை மட்டும் தனியே கட்டி வைப்பதா என்று கேட்டார்கள். சமஸ்தான காங்கிரஸ் போராட்டத்தில் இறங்கியது. ஜூலை 25-ந் தேதி திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத விழாவுக்குப் போன சர் சி. பி.யை ஒருவர் வெட்டினார். அவர் உயிர் பிழைத்தார்.

வெட்டுக் குத்தால் எந்தத் தகராறும் தீரக் கூடாது. அது நல்ல வழி அல்ல. ஆனால் ஜனங்களின் மனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அதற்குள் அரண்மனைக்குத் தெரிந்துவிட்டது. ஜூலை மாத முடிவில் மன்னர் இந்தியாவோடு சேரச் சம்மதித்துத் தகவல் அனுப்பினார். ராணுவம், வெளிநாட்டு விவகாரம், போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றும் இந்திய சர்க்காருக்கு. சர் சி. பி. ஆகஸ்டு மாதத்தில் பதவியை விட்டுப் போய்விட்டார்.

இது நடக்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். சேத்தூரில் இருந்து தென்காசியைத் தாண்டிச் செங்கோட்டைக்குப் பெண் எடுத்த குடும்பம், மகளைப் பார்க்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியிருக்கும். ராஜபாளையத்தில் ரெயில் ஏறிக் கொல்லத்துக்குப் போகிற வியாபாரி, நடு வழியில் எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கும். தேதி ஒன்றுதான். ஆனால் அந்தத் தேதியில் தொங்கிக்கொண்டிருந்த வாழ்க்கை எத்தனையோ.

செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி 1956 நவம்பர் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அது மொழிவாரி மாநிலங்கள் அமைந்த நாள். ஒரே நாட்டுக்குள் எல்லை மாறியது. அதனால் யாரும் வெளிநாட்டுக்காரர் ஆகவில்லை.

ஐதராபாத் கேட்ட வாய்தா

திருவிதாங்கூர் வாய்தா கேட்காமல் கையெழுத்துப் போட்டது. ஐதராபாத் நிஜாம் வாய்தா கேட்டார். ஆகஸ்டு 15 தாண்டியும் பேச்சு நடத்த அவருக்கு இரண்டு மாதம் அவகாசம் கிடைத்தது. பிறகு 1947 நவம்பர் 29-ந் தேதி, ஒரு வருஷத்துக்கு உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று ஒரு ஒப்பந்தம் ஆயிற்று.

வாங்கிய அவகாசத்தில் கணக்கு முடிந்ததா? இல்லை. நீ மீறினாய், நான் மீறவில்லை என்று இரண்டு பக்கமும் குற்றம் சாட்டிக்கொண்டார்கள். நிஜாம் சர்க்கார் ஐக்கிய நாடுகள் சபைக்கே புகார் அனுப்பியது. ஒரு வருஷம் முடிவதற்கு முன்பே, 1948 செப்டம்பரில் இந்தியப் படை உள்ளே போனது. ஐதராபாத் இந்தியாவோடு சேர்ந்தது. அந்தச் சமயத்தில் நடந்த கலவரத்தில் ஏராளமான சாதாரண ஜனங்கள் உயிர் இழந்தார்கள்.

வாய்தா வாங்குவது தவறு அல்ல. வாங்கிய நாளை வீணாக்குவதுதான் தவறு.

999 வருஷக் குத்தகை

ஆகஸ்டு 15 என்ற தேதி 1947-ல் முடிந்து போனதா? முடியவில்லை. அந்தத் தேதி 60 வருஷங்களுக்குப் பிறகும் டெல்லி சுப்ரீம் கோர்ட்டில் ஏறி நின்றது. காரணம் ஒரு கிணறு. கிணறு என்றால் சாதாரணக் கிணறு அல்ல. முல்லைப் பெரியாறு அணை!

பெரியாறு சிவகிரி மலைத் தொடரில் பிறந்து மேற்கே ஓடும் ஆறு. 1886 அக்டோபர் 29-ந் தேதி திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் இந்திய சர்க்காருக்கும் ஒரு குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்டது. குத்தகைக் காலம் 999 வருஷம். 8 ஆயிரம் ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய். கர்னல் பென்னிகுவிக் அணையைக் கட்டினார். 1895-ல் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. இன்றைய தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தன.

இப்போது கேள்வியைப் பாருங்கள். 1947 ஆகஸ்டு 15-ந் தேதி பிரிட்டிஷ் மன்னரின் ஒப்பந்தங்கள் காலாவதி ஆகும் என்று சட்டம் சொன்னது அல்லவா? அப்படியானால் இந்தக் குத்தகையும் காலாவதிதானே? 999 வருஷக் குத்தகை 61 வருஷத்தில் செத்துப் போயிற்று என்பதுதானே பொருள்? கேரளாவின் வக்கீல்கள் இப்படி வாதாடினார்கள்.

தமிழ்நாட்டின் வக்கீல்கள் மறுத்தார்கள். ராஜாவும் ராஜாவும் செய்துகொண்ட அரசியல் உடன்படிக்கை வேறு, நிலத்துக்கும் தண்ணீருக்கும் எழுதிய குத்தகை வேறு என்றார்கள். அதோடு 1970-ல் இரண்டு மாநிலங்களும் சேர்ந்து அந்தக் குத்தகைக்குத் துணை ஒப்பந்தம் எழுதியிருந்தன. குத்தகைப் பணமும் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்திருந்தது.

2014 மே 7-ந் தேதி தலைமை நீதிபதி ஆர். எம். லோதா உள்பட 5 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். குத்தகை காலாவதி ஆகவில்லை! அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2006-ல் சொன்ன தீர்ப்பும் நிலைத்தது. அந்தத் தீர்ப்பைத் தடுக்கக் கேரளா கொண்டுவந்த சட்டம் செல்லாது என்றும் கோர்ட்டு சொல்லிவிட்டது.

கேரளா மக்களுக்கும் ஒரு பயம் உண்டு. நூறு வருஷங்களைத் தாண்டிய அணை. அதற்குக் கீழே குடியிருப்பவர்களுக்குத் தூக்கம் வருமா என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்வது முறை அல்ல. தீர்ப்புக்குப் பிறகும் வழக்குகள் நின்றுவிடவில்லை. 1947-ல் தேதி குறித்தவர்கள், எந்த ஒப்பந்தம் முடிகிறது, எது தொடர்கிறது என்பதை ஊர் பேர் போட்டு எழுதியிருந்தால், இந்த ஒரு வாதமாவது மிச்சப்பட்டிருக்கும்.

லண்டனில் பாகப்பிரிவினை

இப்போது லண்டனுக்குப் போகலாம். 1973-ல் பிரிட்டன் ஐரோப்பியக் கூட்டு அமைப்பில் சேர்ந்தது. பிறகு அது ஐரோப்பிய யூனியன் ஆயிற்று. 2016 ஜூன் 23-ந் தேதி ஜனங்களிடம் ஓட்டு எடுத்தார்கள். இருக்கலாமா, வெளியேறலாமா? நூற்றுக்கு 52 பேர் வெளியேறலாம் என்றார்கள். 48 பேர் இருக்கலாம் என்றார்கள்.

யூனியனின் சட்டத்தில் 50-வது பிரிவு என்று ஒன்று உண்டு. போக விரும்பும் நாடு நோட்டீசு கொடுக்க வேண்டும். கொடுத்த நாளில் இருந்து இரண்டு வருஷம் கெடு. அதற்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் முடிய வேண்டும். முடியாவிட்டாலும் கெடு வந்ததும் வெளியே போக வேண்டியதுதான். மற்ற நாடுகள் எல்லாம் ஒருமித்துச் சம்மதித்தால் மட்டும் வாய்தா கிடைக்கும்.

எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு வழக்கு வந்து நின்றது.

பேனா யார் கையில்?

முதல் கேள்வி: நோட்டீசில் கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம்? ஜனங்கள்தான் ஓட்டுப் போட்டுவிட்டார்களே, நானே போடுகிறேன் என்றது மந்திரி சபை. சாதாரணக் குடிமக்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017 ஜனவரி 24-ந் தேதி பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டில் 8 நீதிபதிகள் ஒரு பக்கம், 3 பேர் மறு பக்கம். பார்லிமெண்டு சட்டம் செய்யாமல் நோட்டீசு கொடுக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று.

இதே மாதிரி ஒரு பதிலை இந்திய சுப்ரீம் கோர்ட்டு 1960-லேயே சொல்லியிருக்கிறது. மேற்கு வங்காளத்தில் பெருபாரி என்ற பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பதாக 1958-ல் பிரதம மந்திரிகள் இருவரும் ஒப்பந்தம் செய்தார்கள். மந்திரி சபை கையெழுத்துப் போட்டால் போதாது, பார்லிமெண்டு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றது கோர்ட்டு. கடைசியில் 1974-ல் வங்காளதேசத்தோடு செய்த ஒப்பந்தத்தில் பெருபாரி இந்தியாவிடமே நின்றது.

நாட்டைச் சேர்ப்பதும் பிரிப்பதும் ஒரு மந்திரியின் பேனா வேலை அல்ல. லண்டன் ஆனாலும் டெல்லி ஆனாலும் அதுதான் முறை.

கொடுத்த நோட்டீசைத் திருப்பி வாங்கலாமா?

பார்லிமெண்டு சட்டம் செய்தது. பிரதம மந்திரி தெரசா மே 2017 மார்ச் 29-ந் தேதி நோட்டீசு கொடுத்தார். கெடு 2019 மார்ச் 29.

நாட்கள் ஓடின. கணக்கு முடியவில்லை. அப்போது ஸ்காட்லாந்து அரசியல்வாதிகள் சிலர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்கள். கொடுத்த நோட்டீசைப் பிரிட்டன் தானாகவே வாபஸ் வாங்க முடியுமா? 2018 டிசம்பர் 10-ந் தேதி லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய கோர்ட்டு பதில் சொன்னது. முடியும், கெடு முடிவதற்குள் வாங்கிக்கொள்ளலாம், மற்ற நாடுகளின் சம்மதம் தேவை இல்லை என்றது. ஆனால் பிரிட்டன் வாபஸ் வாங்கவில்லை.

2019 ஜனவரியில் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் பார்லிமெண்டில் தோற்றது. ஆதரவு 202. எதிர்ப்பு 432! இன்னும் இரண்டு தடவை கொண்டுவந்தார். இரண்டு தடவையும் தோல்வி. வாய்தா கேட்டார். ஏப்ரல் 12 வரை கிடைத்தது. மறுபடி கேட்டார். அக்டோபர் 31 வரை கிடைத்தது.

அதற்கும் ஒரு வழக்கு வந்தது. வாய்தா வாங்கியதே செல்லாது, மார்ச் 29-ந் தேதியோடு நாடு வெளியேறிவிட்டது என்று சிலர் வாதாடினார்கள். கோர்ட்டு ஏற்கவில்லை. ஒரு நாடு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே வழக்காகும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

கையெழுத்து இல்லாத கடிதம்

தெரசா மே பதவி விலகினார். போரிஸ் ஜான்சன் வந்தார். என்ன ஆனாலும் அக்டோபர் 31-ந் தேதி வெளியேறியே தீருவோம் என்றார். பார்லிமெண்டுக்கு 5 வாரம் பூட்டுப் போட ஏற்பாடு செய்தார். கெடு நெருங்கும்போது கேள்வி கேட்க ஆள் இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம் என்று எதிர்க்கட்சிகள் சொன்னன. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. செப்டம்பர் 24-ந் தேதி 11 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: பூட்டியது சட்ட விரோதம், செல்லாது. பார்லிமெண்டு மறு நாளே கூடியது.

அதற்கு முன்பே பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்திருந்தது. அக்டோபர் 19-க்குள் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைக்காவிட்டால், பிரதம மந்திரி வாய்தா கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். ஜான்சன் என்ன செய்தார் தெரியுமா? கடிதத்தை அனுப்பினார். கையெழுத்துப் போடவில்லை! வாய்தாவில் தனக்கு விருப்பம் இல்லை என்று இன்னொரு கடிதம் எழுதி, அதில் மட்டும் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்து இல்லாவிட்டாலும் சட்டம் கேட்ட கடிதம் போய்ச் சேர்ந்தது. வாய்தா 2020 ஜனவரி 31 வரை கிடைத்தது. வெளியேறும் நாளின் ஞாபகமாக அக்டோபர் 31 என்று தேதி போட்டு அடித்து வைத்த நாணயங்களைச் சர்க்கார் உருக்க வேண்டியதாயிற்று. சட்டத்தை முந்திக்கொண்டு தேதி குறித்தால் நாணயத்துக்கும் மரியாதை இல்லை.

கடைசியில் 2020 ஜனவரி 31-ந் தேதி இரவு 11 மணிக்குப் பிரிட்டன் வெளியேறியது. அதற்குப் பிறகும் கணக்கு முடிக்க அந்த வருஷம் டிசம்பர் 31 வரை இடைக்காலம் தேவைப்பட்டது.

யார் தலையில் விழுந்தது?

லண்டனிலும் கிணறும் வண்டிப் பாதையும்தான் தகராறு. பிரிட்டனைச் சேர்ந்த வடக்கு அயர்லாந்து ஒரு பக்கம். யூனியனில் இருக்கும் அயர்லாந்து நாடு மறு பக்கம். நடுவில் மலை இல்லை, கடல் இல்லை. வயல் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம் என்று இருக்கிற ஜனங்கள். பல வருஷம் ரத்தம் சிந்திய பூமி. 1998-ல்தான் அங்கே சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த எல்லையில் மறுபடியும் சாவடி போட முடியுமா? இந்த ஒரு கேள்விதான் ஒப்பந்தத்தை மறுபடியும் மறுபடியும் கவிழ்த்தது.

பிரிட்டனில் குடியிருந்த லட்சக்கணக்கான ஐரோப்பியத் தொழிலாளர்களுக்கும் கெடு வந்தது. 2021 ஜூன் 30-க்குள் மனுப் போட வேண்டும். போட்டால்தான் முன்போல் தங்கலாம். நோட்டீசில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு வீடு வாசல் பறிபோகவில்லை. கெடுவைப் பார்த்துத் தூக்கம் இழந்தது உழைத்துச் சாப்பிடுகிறவன்தான். 1947-ல் நடந்ததும் அதுதான். லண்டனில் தேதி குறித்தார்கள். பஞ்சாபிலும் வங்காளத்திலும் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். எல்லைக்கோடு எங்கே என்பதுகூடச் சுதந்திர நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வெளியானது.

வீட்டுக்குள் வேண்டிய நியாயம்

இந்திய அரசியல் சட்டத்தில் வெளியேறும் பிரிவு என்று எதுவும் இல்லை. இந்தியா மாநிலங்களின் யூனியன். மாநில எல்லையைப் பார்லிமெண்டு மாற்றலாம். ஆனால் எந்த மாநிலமும் நோட்டீசு கொடுத்துவிட்டு நடக்க முடியாது. 1963-ல் 16-வது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் ஒற்றுமையைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. அந்தச் சமயத்தில்தான் தி.மு.க.வும் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது.

பிரிய வழி இல்லாத கூட்டுக் குடும்பத்தில் நியாயம் இன்னும் அதிகமாக வேண்டும். கோபித்துக்கொண்டு போக முடியாத தம்பிக்குக் கிணற்று முறை சரியாகக் கிடைக்க வேண்டும். மலைக்கு மேற்கே ஓடும் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் தண்ணீரில் ஒரு பகுதியைக் கிழக்கே வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டம் பல வருஷங்களாகப் பேச்சில் இருக்கிறது. வானத்தைப் பார்த்து உழுகிற விருதுநகர் மாவட்டத்து விவசாயிக்கு அது பெரிய ஆசை. கேரளா அதற்குச் சம்மதிக்கவில்லை. தன் ஆறுகளில் தண்ணீர் குறைந்துவிடும் என்பது அந்தப் பக்கத்தின் கவலை.

நாளைக்கு இதில் ஒரு ஒப்பந்தம் எழுதப்படுமானால், எழுதுகிறவர்கள் 1886-ஐயும் 1947-ஐயும் 2019-ஐயும் நினைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை வருஷம்? தண்ணீர் குறைந்த வருஷத்தில் யாருக்கு எவ்வளவு? அணையின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? சர்க்கார் மாறினால் ஒப்பந்தம் என்ன ஆகும்? தகராறு வந்தால் யார் தீர்ப்பது, எத்தனை மாதத்துக்குள்? எல்லாவற்றையும் விவசாயி படித்தால் புரிகிற மாதிரி எழுத வேண்டும். திறப்பு விழாவுக்குத் தேதி குறிப்பது அதற்குப் பிறகு போதும்.

கெடு வைக்கிறவர் பிரதம மந்திரி ஆனாலும் மகாராஜா ஆனாலும், அந்தக் கெடு சட்டத்துக்குக் கீழேதான். சட்டம் கேட்கச் சொன்ன வாய்தாவைக் கேட்பதில் அவமானம் இல்லை. கேட்டு வாங்கிய நாளில் உட்கார்ந்து கணக்கு முடிக்க வேண்டும். வேலையை முடிக்காமல் தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே போனால் செலவு யாருக்கு என்பதை, சேத்தூர் பஸ் நிறுத்தத்தில் மஞ்சள் பையோடு நிற்கும் அண்ணாச்சியைக் கேட்டால் சொல்வார்.